உப்புத்தாள் உருளை

ஊஞ்சல் பலகை பிளந்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும். நாமோ ஒரு யந்திரம் செய்யப் புறப்பட்டோம். இதை வாசிக்கும் நேயர்கள் நம்மைப் பற்றி என்ன நினைத்தாலும் அது நியாயமே.

பாட்டியார் காலத்துப் பலா ஊஞ்சல் அது. இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டியது. சென்ற கோடையில் ஒட்டு விட்டுப் போயிற்று. மறுபடி ஒட்டுவதற்கு முன் இரண்டையும் சமனாக்க வேண்டுமே என்று இழைப்புளியை எடுத்தோம். அந்த மரத்தின் ரேகையோ இங்கே ஒரு திசை, அங்கே எதிர்த் திசை. இழைப்புளி ஓடிய இடமெல்லாம் நார் பெயர்ந்து, கோழி கிளறிய தரை போலாகிவிட்டது. வீதிக் கோடியில் உள்ள ஆசாரியாரை அழைத்திருக்கலாம். ஆனால் வயோதிகரைச் சிரமப்படுத்துவானேன் என்று நமக்கு நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மை என்னவென்றால், உப்புத்தாள் சுற்றிய உருளை யந்திரம் ஒன்றைச் செய்து பார்க்க நமக்கு வெகுநாளாய் ஆசை.

முக்கால் அங்குல பிளைவுட்டில் 24 வட்டங்கள் அறுத்து, இரும்புத் தண்டில் கோத்து ஒட்டினோம். 18 அங்குல நீள உருளை கிடைத்தது. இரு முனைக்கும் பேரிங். பக்கத்தில், நிமிஷத்துக்கு 1440 சுற்றுச் சுற்றும் ஒரு குதிரைசக்தி மோட்டார். உருளைக்குக் கீழே, ஒரு பக்கம் கீல் வைத்த மேஜைப் பலகை. மறு பக்கத்தை அரை அங்குலத் திருகு தூக்கும். அந்தத் திருகில் அங்குலத்துக்கு 12 புரி. கால் சுற்றுத் திருப்பினால், நடுவிலுள்ள உருளையின் கீழ் மேஜை உயர்வது ஓர் அங்குலத்தில் 96-ல் ஒரு பங்குதான். அதற்கு மேல் பேராசைப்பட்டால் மரம் கருகும்.

ஒட்டிய உருளை முதலில் வட்டமாகவா இருக்கும்? முரட்டு உப்புத்தாளை ஒரு தட்டைப் பலகையில் ஒட்டி, சுழலும் உருளையின் கீழ் மெதுவாக நகர்த்தினோம். உருளை தன் மேடுகளைத் தானே தேய்த்துக்கொண்டு உருண்டையாயிற்று. பிறகுதான் அதன்மேல் உப்புத்தாளைச் சாய்வாகச் சுற்றினோம்.

மரத்தை உருளை சுழலும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். இதை மறந்த அன்று, ஒரு துண்டு மரம் நம் கையிலிருந்து பறந்து சுவரிலிருந்த நாள்காட்டியைக் கிழித்தது. நல்லவேளை, வேறு யாரும் அங்கே நிற்கவில்லை. அடுத்த சோதனையில் பலகையின் ஒரு விளிம்பு மெலிந்தது. கீலும் உருளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஒரு பேரிங்கின் அடியில் பழைய தபால் கார்டை மடித்து வைத்ததும் சரியாயிற்று. தூசியை மட்டும் விளையாட்டாக எண்ணலாகாது. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே தூசி உறிஞ்சும் குழாயும் முகமூடியும் வைத்தோம். அப்படியும் பலாவின் மஞ்சள் தூசி கூடம் வரை வந்தது. இல்லத்தரசி சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

கடைசியில், கண்ணுக்குத் தெரியாத அடிப்புறம்தானே என்று முதல் பலகையைக் கவிழ்த்து உள்ளே விட்டோம். கண்ணாடி போல் வந்தது! பெருமை தாங்காமல் ஆசாரியாரை அழைத்து வந்து காட்டினோம். அவர் தடவிப் பார்த்தார். "நல்ல வேலைதான், ஐயா" என்றார். பிறகு பலகையின் விளிம்பில் எதையோ தேடினார்.

"இங்கே மூணு கோடு இருந்திருக்குமே?"

நமக்கு விளங்கவில்லை.

"இதைச் செஞ்சது எங்கப்பா. ரெண்டு பலகையையும் ஜோடி சேர்த்து, அடியிலே உளியாலே மூணு கோடு போடுவார். எது எதோட சேரணும்னு தெரியறதுக்கு."

இரண்டாவது பலகையைத் திருப்பினோம். அதன் விளிம்பில் மூன்று சிறு கோடுகள், பாதியில் அறுந்து நின்றன. மறு பாதி நம் தூசிப் பைக்குள் இருந்தது.

அந்தப் பலகையின் அடிப்புறத்தை நாம் தொடவில்லை. மேற்புறங்களை மட்டும் தேய்த்து, இரண்டையும் ஒட்டினோம். ஒட்டுக் காய்ந்தபின் ஆசாரியார் உளியோடு வந்தார். கவிழ்த்த பலகையின்மேல் குனிந்து, அறுந்த கோடுகளை நம் வழவழப்பான பக்கத்துக்கு நீட்டினார். மூன்றாவது கோடு சற்றே கோணலாகப் போயிற்று.

"கை முன்னே மாதிரி இல்லே, ஐயா" என்றார்.


அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, ஊஞ்சலைச் சங்கிலியில் மாட்டினோம்.