வாத்து நனையாது... ஜாக்கெட் நனையும்!

“தம்பி, நம்ம ஆபீஸ் பின்கோடு என்ன?”

கொட்டுகிற மழையில், 3,000 மீட்டருக்கு மேலே இமயமலையில் ஒரு பாறை மேல் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்டவர் எங்கள் ஆபீஸ் கேஷியர். தினமும் பத்து கவரிலாவது நான் எழுதுகிற நம்பர்தான். “ஆறு... ஆறு லட்சத்து...” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஓடவில்லை. நாக்கு குழறியது. கேஷியர் முகத்திலிருந்த சிரிப்பு சட்டென்று அணைந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஜாக்கெட்!

ஆகஸ்ட் மாதம் உத்தராகண்டில் இருக்கும் ‘பூக்களின் பள்ளத்தாக்கு’க்குப் போவதாக இருவரும் திட்டம் போட்டோம். 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத் என்கிற ஆங்கிலேயர் பார்த்து அசந்துபோய், பிறகு புத்தகமே எழுதிய இடம். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பூ பூப்பது ஜூலை, ஆகஸ்டில். அதாவது, சரியான மழைக்காலத்தில். இந்த ‘அதாவது’தான் என் மண்டையில் ஏறவில்லை.

சென்னைக்காரனுக்குக் குளிர் என்றால் ஏ.சி. மட்டும்தானே? தி.நகர் கடை ஒன்றில் நுழைந்து, “நல்ல ஜாக்கெட் வேணும்” என்றேன். “மேட்சிங் பிளவுஸா ஸார்? ரெண்டாவது மாடி!” என்றார் சேல்ஸ்மேன். ஒரு வழியாக விளக்கி, வாத்து இறகுப் பஞ்சு அடைத்த ஜாக்கெட் ஒன்றை வாங்கினேன். பாதி மாதச் சம்பளம் காலி. சுருட்டினால் தண்ணீர் சொம்பு சைஸ். போட்டால் கண்ணாடியில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

கேஷியர் கொண்டுவந்ததோ பாலியெஸ்டர் பஞ்சு அடைத்த ஜாக்கெட். “என்ன ஸார், தலைகாணியைத் தச்சுப் போட்டுட்டீங்களா?” என்று ரயில் டெல்லி போய்ச் சேரும்வரை கிண்டல் செய்தேன். அவர் அதை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாய் கட்டி, மூட்டையின் நடுவில் சொருகினார். கேஷ் பெட்டியைப் பூட்டுகிற அதே பவ்யம்!

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் சாலையில் ஒரு நாள் முழுக்க முதுகை உடைத்துக்கொண்டு போனால் கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா வரை ஜீப். அப்புறம் காங்கரியா வரை நடை, அல்லது கோவேறு கழுதை. நாங்கள் நடந்தோம். பக்கத்திலேயே லக்ஷ்மண கங்கை இரைந்துகொண்டு வந்தது.

மறுநாள் காலை பள்ளத்தாக்கு. உள்ளே கழுதைக்கு அனுமதி இல்லை, இரவு தங்கவும் கூடாது. ஆற்றைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். நான் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறினேன். போட்டோவில் வரவேண்டாமா? பத்து நிமிஷத்தில் உள்ளே பனியன் தொப்பல். கேஷியர் மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே தையல்களுக்கு டேப் ஒட்டிய ரெயின்கோட், அக்குளில் ஜிப்பைத் திறந்துவிட்டு ஜாலியாக வந்தார். “ஜாக்கெட் உட்காரும்போதுதான் தம்பி. நடக்கும்போது உடம்பே அடுப்பு” என்றார். நான் காதில் வாங்கினால்தானே!

பூக்களைப் பற்றி என்ன சொல்ல? மலைச்சரிவு முழுக்க ஊதாவும் மஞ்சளும் வெள்ளையும். மேகம் இறங்கி மூடும், விலகும், மறுபடி மூடும். அரை மணி நேரம் வாய் பேசாமல் நின்றேன். அப்போது பிடித்தது மழை.

‘வாட்டர் ரெஸிஸ்டென்ட்’ என்று லேபிளில் போட்டிருந்ததை நம்பி ரெயின்கோட் எடுத்துப் போகவில்லை. அதற்கு அர்த்தம் நாலு தூறலைத் தாங்கும் என்பதுதான், மழையை அல்ல. வெளியிலிருந்து மழை, உள்ளிருந்து வியர்வை. அரை மணியில் என் ராஜ உடை, நனைந்த கோழி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். ஜாக்கெட் எதுவும் சூடு தருவதில்லை. பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. வாத்து இறகுப் பஞ்சு உப்பி நிற்கும்வரை, அந்த எடையில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நனைந்ததோ, கட்டி கட்டியாகச் சுருண்டுவிடும். காற்றும் போச்சு, சூடும் போச்சு. வாத்து மட்டும் எப்படி நனையாமல் நீந்துகிறது என்கிறீர்களா? அதற்கு மேலே எண்ணெய் தடவிய இறகு இருக்கிறது. உள்பஞ்சை மட்டும் பிடுங்கி நமக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். போதாக்குறைக்கு, தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

பத்து டிகிரிதான் இருந்திருக்கும். பனி இல்லை, ஐஸ் இல்லை. ஆனால் மழையும் காற்றும் சேர்ந்தால் அதுவே போதும். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆபத்து ஆரம்பம். முதலில் நடுக்கம். அப்புறம் விரல் ஜிப்பைப் பிடிக்க மறுக்கும், கால் தடுக்கும், நாக்கு குழறும். எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது. ‘கொஞ்சம் தூங்கினால் தேவலை’ என்று வேறு தோன்றியது. அதுதான் பயங்கரம். பயமே இல்லை!

பின்கோடு சொல்லத் தெரியாதவனைக் கேஷியர் பாறை மறைவுக்கு இழுத்தார். என் ஈர ஜாக்கெட், பனியன் எல்லாவற்றையும் உருவினார். தலையில் அவருடைய கம்பளிக் குல்லா. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து காய்ந்த ‘தலைகாணி’ வந்தது. அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட். பிளாஸ்கிலிருந்து சர்க்கரை தூக்கலான டீ. வழியில் போன ஒருவர் பிராந்தி நீட்டினார். “வேண்டவே வேண்டாம். தோலுக்கு ரத்தம் பாய்ஞ்சு, சூடா இருக்கிற மாதிரிதான் தெரியும். உள்சூடு இன்னும் இறங்கிடும்” என்று திருப்பி அனுப்பினார். பிறகு என்னிடம், “இன்னும் நடுங்கறே, நல்லது. நடுக்கம் நின்னிருந்தாதான் நான் பயந்திருப்பேன்” என்றார்.

கால் மணியில் பின்கோடு முழுசாக வந்தது. மெதுவாக இறங்கி காங்கரியா வந்து சேர்ந்தோம். நான் கிண்டல் செய்த அதே தலைகாணிக்குள்!

அன்று ராத்திரி ரஜாய்க்குள் கிடந்தபோது கேஷியர் ஒரு கதை சொன்னார். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு ஜார்ஜ் ஃபின்ச் என்பவர் பலூன் துணிக்குள் வாத்து இறகுப் பஞ்சை அடைத்து கோட் தைத்துக்கொண்டு போனார். சக வீரர்கள் சிரித்தார்கள். மேலே போனதும் சிரிப்பு நின்று பொறாமை வந்தது. “அங்கே உறைபனி. மழையே கிடையாது. உன் ஜாக்கெட் மேல தப்பு இல்லை தம்பி, அதைக் கூட்டிட்டு வந்த இடம்தான் தப்பு.” இறகுக்கு மாற்றாக, நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கிற பாலியெஸ்டர் பஞ்சை 1980-களில் அமெரிக்க ராணுவத்துக்காகவே உருவாக்கினார்களாம்.

ஆகவே, மலைக்குக் கிளம்பும் ஆபீஸ் நண்பர்களே! கடையில் ‘எவ்வளவு குளிர் தாங்கும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘நனைந்தால் என்ன ஆகும்?’ என்றும் கேளுங்கள். வறண்ட குளிருக்கு இறகு. மழைக் குளிருக்குப் பாலியெஸ்டர் பஞ்சு. இது கனம், சுருட்டினால் இடம் அடைக்கும், வருஷக்கணக்கில் அமுக்கி வைத்தால் உப்பலும் குறையும். பரவாயில்லை, உயிர் அதைவிடக் கனம். உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் இருக்கிற சைஸ், தலைமூடி, இடுப்புக்குக் கீழே வருகிற நீளம், மேலே தனியாக ரெயின்கோட். காட்டன் பனியனும் ஜீன்ஸும் வீட்டிலேயே இருக்கட்டும்.

சென்னை திரும்பியதும் அவர் ஜாக்கெட்டைத் துவைத்து, மடித்து, கேஷ் கவுன்ட்டரில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு வவுச்சரை நீட்டினார்.

‘ஜாக்கெட் ஒன்று, நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. உள்ளே இருந்த ஆளும் அப்படியே.’

கையெழுத்துப் போட்டேன். கை கொஞ்சம் நடுங்கியது. ஏ.சி. அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.