அண்ணன் விசிலடித்த நிலாப் பாட்டு

நிலாப் பாட்டுகளை நான் படத்தின் பெயரால் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. இது ஆச்சி பாட்டு, இது அண்ணன் பாட்டு, இது அவர் பாட்டு என்று ஆளின் பெயரால்தான் அவை மனசில் கிடக்கின்றன. எழுபதைத் தாண்டிய பிறகு, வேறெந்தச் சேமிப்பையும்விட இது பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை. இருட்டியதும் ஆச்சி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு தட்டட்டிக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, ஏறுவாள். முதலில் நிலாவைக் கொஞ்சுவாள். “எங்க ராசா மொகத்தப் பாரு, உன்ன மாதிரியேதான்” என்று உறவு கொண்டாடுவாள். பிறகு, “ஒனக்குத் தேஞ்சு போற சீக்கு, எம் பிள்ளைக்கு அதெல்லாம் கெடையாது” என்று சீண்டுவாள். நெய்ச்சோறு தருவதாக ஆசை காட்டுவாள். அதற்கும் அசையாவிட்டால் ஓர் அதட்டல். இதற்குள் கிண்ணம் காலியாகியிருக்கும்.

பிற்பாடு கல்லூரியில் பிள்ளைத்தமிழ் பாடம். அம்புலிப் பருவத்தில் குழந்தையோடு விளையாட நிலவை அழைக்கும் புலவர், சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழிகளிலும் அழைப்பார் என்று ஆசிரியை விளக்கினார். யசோதையாகிப் பெரியாழ்வார் கண்ணனுக்காக நிலவை அழைத்தார். குமரகுருபரர் மீனாட்சிக்காக அழைத்தார். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஆச்சியும் அந்த நான்கையும் வரிசை மாறாமல் செய்திருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. புலவர்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தவர்கள் சோறூட்டிய பெண்கள்தான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

அண்ணன் பாட்டு டூரிங் டாக்கீஸில் கிடைத்தது. இருட்டினால்தான் கொட்டகையில் படம் ஓடும். ஆட்டம் விட்டதும் வரப்பு வழியே வீட்டுக்கு நடப்போம். 1966இல் வந்த ‘நாடோடி’ படத்தில், முன்பொரு நாள் இதே நிலவில் பக்கத்தில் இருந்தவரை நினைத்து சுசீலா பாடும் கண்ணதாசன் பாட்டு ஒன்று உண்டு. அண்ணன் வாய்விட்டுப் பாட மாட்டான், விசில்தான். வாய்க்கால் பாலத்தில் நின்று, பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை சுருதி பிசகாமல் விசிலடிப்பான். அப்போது எனக்கு அது வெறும் காதல் பாட்டு.

அண்ணன் போன பிறகுதான் புறநானூற்றின் 112ஆம் பாடல் எனக்குப் புரிந்தது. மூவேந்தரும் பறம்பு மலையைச் சூழ்ந்து பாரியைக் கொன்ற பின், அவன் மகளிர் பாடியது. போன மாத நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. ஐந்தே அடி. வேந்தர்கள் மேல் ஒரு வசவுகூட இல்லை. மாறாமல் வந்து நிற்கும் நிலவைக் காட்டியே, மாறிப்போன அத்தனையையும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெண்களின் துக்கம்தான் இத்தனை நூற்றாண்டு கழித்துக் கண்ணதாசன் வழியாக எங்கள் ஊர்க் கொட்டகைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1969இல் ‘அடிமைப் பெண்’ வந்தது. ஆயிரம் நிலவை அழைக்கும் அந்தப் பாட்டைப் பாட வேண்டிய இளைஞர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் டைபாய்டில் படுத்துவிட, அவர் தேறி வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார். எஸ்.பி.பி. அதைக் கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். அதே வருடம் ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தார். அங்கே கல்லும் தூசியும்தான் என்று பேப்பரில் போட்டிருந்ததை அப்பா உரக்கப் படித்தார். ஆச்சி கேட்டுக்கொண்டாள். அன்று ராத்திரியும் சித்தி மகனுக்குச் சோறூட்டத் தட்டட்டிக்கு ஏறினாள்.

என் வீட்டுக்காரருக்கு ‘ராமு’ படத்தில் பி.பி.ஸ்ரீநிவாஸ் நிலவிடம் முறையிடும் பாட்டு உயிர். அவர் மறைந்த புதிதில், ரேடியோவில் அது தொடங்கினாலே பிள்ளைகள் ஓடிப்போய் அணைப்பார்கள், அம்மா அழுவாளே என்று. “அழுதா என்னடா, பாடட்டும்” என்று தடுத்துவிட்டேன். அந்தச் சில நிமிடம் ஈஸிசேர் கையில் அவர் விரல் தாளம் போடுவது எனக்குத் தெரிகிறது. வேதனைக்குப் பயந்து பாட்டை அணைத்தால், ஆளையும் சேர்த்தல்லவா அணைத்துவிடுகிறோம்.

இன்றைய பிள்ளைகள் கேட்காத பாட்டில்லை. ஆனால் ஆளுக்கொரு இயர்போனில் கேட்கிறார்கள். நாளைக்கு எந்தப் பாட்டை யார் பெயரில் வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை. அதனால் பேரன் லீவுக்கு வந்தால் மொட்டைமாடியில் பாயை விரித்து, செல்போனில் ‘நாடோடி’ பாட்டை உரக்க வைக்கிறேன். அவன் என் அண்ணனைப் பார்த்ததே இல்லை. ஆனால் பாட்டு தொடங்கியதும், “விசில் தாத்தா பாட்டு” என்கிறான். போன லீவு முழுக்க உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தான். காற்றுதான் வந்தது. எப்படி விசிலடிக்கிறது என்று இப்போது போனிலும் கேட்கிறான். எனக்கும் தெரியாது, தம்பியிடம் அனுப்பியிருக்கிறேன்.