ஓடையின் நிறம்

மலையேறப் புறப்படுவோர் முதலில் நோக்க வேண்டுவது உச்சியை அன்று, அடிவைக்கும் நிலத்தைத்தான். இந்த எளிய உண்மையை நாம் பச்சைமலை அடிவாரத்தில் கற்றோம்.

ஐப்பசி மாதம். பெரம்பலூரை அடுத்த லாடபுரத்தின் மயிலூற்று அருவியைக் காண மைத்துனரின் மகன் நம்மை அழைத்தான். சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம். வானம் வெளுத்திருந்தது, ஒரு துளி மழையில்லை. இனி என்ன தடை என்று ஓடைக்குள் இறங்கப் போனோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். "வானத்தைப் பார்க்காதீங்க ஐயா, தண்ணியைப் பாருங்க" என்றார். பார்த்தோம். தெளிந்தோடிய நீர் செம்மண் கலந்து வரத் தொடங்கியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கரையில் தம் கோலை ஊன்றினார். அரைச் சாண் இறங்கிற்று. "மேலே மழை ஊத்துது" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா, மாமா?" என்றான் பையன். உண்மை சொன்னால், நமக்கும் அதே எண்ணந்தான். ஆயினும் கரையில் அமர்ந்தோம். ஒரு நாழிகை கழியுமுன், நாம் கால் வைக்க இருந்த பாறை நீருக்குள் மறைந்துவிட்டது.

ஸ்காத்லாந்து மலைகளில் குளிர்காலத்தில் ஏறுவோர்க்குப் பனிச்சரிவு அபாயத்தை நாள்தோறும் அறிவிக்க ஓர் அமைப்பே இருக்கிறது. நமக்கு அன்று அந்தப் பெரியவர் இருந்தார்.

வீடு திரும்புகையில் மருதையாற்றின் நினைவு வந்தது. அதுவும் இதே பச்சைமலையில் பிறந்து, அரியலூர்ப் பக்கம் ஓடிக் கொள்ளிடத்தில் கலப்பது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அதன் வெள்ளத்தில் அரியலூர் அருகே ரயில் பாலம் இடிந்து, தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. ஏறத்தாழ 150 உயிர்கள் மடிந்தன. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

வண்டிக்குள் இருந்தவர்கள் பாலத்தைச் சோதித்துப் பார்த்திருக்க இயலுமா? அவர்களுக்காக வேறொருவர் பார்த்தாக வேண்டும். பின்னால் வருவோரின் உயிர் முன்னால் நடப்பவரின் கண்ணில் இருக்கிறது. அன்று பையனின் முன்னே நடந்தவர் நாம். பார்த்தவரோ முன்பின் அறியாத ஒருவர். அந்த நாணம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

தை மாதம் மீண்டும் சென்றோம். ஓடைக்கரையில் பையனே முதலில் குனிந்து நீரின் நிறத்தைப் பார்த்தான்; பிறகு ஒரு கோலை எடுத்து மண்ணில் ஊன்றினான். நாம் ஒன்றும் சொல்லாமல் அவன் பின்னே நடந்தோம்.