சம்பளம் வாங்காத பிள்ளை

ஐந்தருவியில் சீசன் கூட்டம். க்யூவில் முன்னால் நின்றவர் தோளில் பத்து வயசுப் பையன். "நடக்க விடலாமே அண்ணாச்சி!" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"வேன் மோதிட்டு தம்பி. இனி நடக்க மாட்டான். நஷ்டஈட்டு கேஸ் நடக்கு. 'சம்பளமே வாங்காத பயலுக்கு என்ன நஷ்டம்?'னு எதிர்த்தரப்பு வக்கீல் கேக்காரு."

எனக்கு அருவி மறந்துபோச்சு. நல்லவேளை, கூட வந்த நண்பன் வக்கீல்.

"அண்ணாச்சி, 2013-ல் சுப்ரீம் கோர்ட் ஊன சதவிகிதத்தை வைத்து ஒரு கணக்கு சொன்னது. 90-க்கு மேல் என்றால் 6 லட்சம். சிகிச்சைச் செலவு தனி. ஆனால் 2020-ல் ஹரியானாவைச் சேர்ந்த 12 வயசுச் சிறுமிக்கு அதே கோர்ட் 62.27 லட்சம் கொடுத்தது. வளர்ந்தால் தேர்ந்த தொழிலாளி மாதிரி சம்பாதித்திருப்பாள் என்று வருமானம் போட்டார்கள். கூட இருந்து கவனிக்க இரண்டு ஆளுக்கு மாசம் 10 ஆயிரம், அதை 18 வருஷக் கணக்கில் பெருக்கி 21.60 லட்சம்!"

"ஆள் யாரும் வைக்கலியே... அவங்க அம்மைதான் பாக்கா."

"அந்த உழைப்புக்கும் காசு கேளுங்க அண்ணாச்சி!"

அவர் பையனை மறு தோளுக்கு மாற்றினார். "அவ என்னிக்கு தம்பி சம்பளம் கேட்டா?"