தேய்மானக் கணக்கு

விமானத்துக்கு இன்ஜின் எங்கே இருக்கும்? இறக்கைக்குக் கீழே. சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். எம்.டி-11 என்று ஒரு சரக்கு விமானம் (அந்தச் 'சரக்கு' இல்லீங்க, பார்சல் பெட்டி!). அதன் போட்டோ எங்கேயாவது கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். இறக்கைக்குக் கீழே இரண்டு இன்ஜின். மூன்றாவது, வாலில்! வாலைக் குடைந்து ஒரு பீப்பாயைச் சொருகிவைத்த மாதிரி இருக்கும்.

ஏன் இந்தக் கோலம்? இரண்டே இன்ஜின் உள்ள விமானம், வழியில் ஏதாவது ஒரு ஏர்போர்ட்டிலிருந்து 60 நிமிட தூரத்துக்குள்தான் பறக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அமெரிக்காவில் விதி. பெருங்கடலை நேராகத் தாண்ட முடியாது. மூணு இன்ஜின் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நாலு வைத்தால் செலவு, ரெண்டு வைத்தால் சட்டம் விடாது என்று பிறந்ததுதான் டி.சி-10. அதன் தம்பி எம்.டி-11. பாவம், தம்பி 1990-ல் வந்து சேர்ந்தபோது அந்த விதியே தளர்ந்திருந்தது. மொத்தம் 200 செய்ததோடு கடையை மூடிவிட்டார்கள்.

பயணிகள் கைவிட்டதைப் பார்சல் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. சீட்டைக் கழற்றி, ஜன்னலை அடைத்து, பக்கவாட்டில் ஒரு பெரிய கதவை வெட்டிவிட்டால் லாரி ரெடி. நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. புது விமானம் வாங்கினால் வட்டி கழுத்தை நெரிக்கும். அது நாளெல்லாம் பறந்தால்தான் கட்டுப்படியாகும். பார்சல் விமானமோ ராத்திரி போய், ஊர் விழிப்பதற்குள் இறங்கிவிடும். மீதி நேரம் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் புதுசு? பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடித்தாலும் பழசுதான் லாபம். பெட்டிகள் 'ஏ.சி. சரியில்லை' என்று புகார் செய்வதும் இல்லை.

ஆனால், லாபத்தைத் தின்ன ஓர் ஆள் காத்திருக்கிறார். அவர் பெயர் பராமரிப்பு.

இறக்கை இன்ஜினை மெக்கானிக் ஒரு சின்ன ஏணி போட்டு எட்டிவிடலாம். வால் இன்ஜின் மாடி வீட்டு உயரத்தில் இருக்கிறது. வாலின் உச்சி 17 மீட்டருக்கும் மேல். நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள இன்ஜினை அங்கிருந்து இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும் என்றால் யோசித்துப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், கைக்கு எட்டுகிற இறக்கை இன்ஜினும் இரண்டு முறை பெரிய சோகத்தைக் கொண்டுவந்தது.

முதல் தடவை 1979 மே 25, சிகாகோ. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டி.சி-10. ஓடுபாதையில் மேலே எழும்பும்போதே இடது இன்ஜின் தாங்கியோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. தாங்கி என்றால், இன்ஜினை இறக்கையோடு பிடித்திருக்கும் 'பைலான்'. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இரண்டு பேரும் இறந்தார்கள். காரணம், எட்டு வாரம் முன்பு ஒர்க்‌ஷாப்பில் நடந்த ஒரு வேலை. பைலான் மூட்டில் இருக்கிற பேரிங்கை மாற்ற வேண்டும். முதலில் இன்ஜினைக் கழற்று, பிறகு பைலானைக் கழற்று என்பது தயாரிப்பாளர் சொன்ன முறை. இவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே மூட்டையாக ஃபோர்க்லிஃப்டில் இறக்கினார்கள். வேலை நடுவில் ஷிஃப்ட் வேறு மாறியது. பைலான் மேலே இடித்து விரிசல் விட்டது. இந்தக் குறுக்கு வழியில் ஒரு விமானத்துக்கு மிச்சமானது சுமார் 200 மனித உழைப்பு மணி நேரம். காஸ்ட் அக்கவுன்டிங் பரீட்சையில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும்.

இரண்டாவது, 2025 நவம்பர் 4. லூயிவில், யு.பி.எஸ். கம்பெனியின் எம்.டி-11. மறுபடி எழும்பும் நேரம், மறுபடி இடது இன்ஜின், மறுபடி பைலானோடு. விமானத்தில் இருந்த மூன்று பேரும், தரையில் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலரும் போய்விட்டார்கள். இந்த முறை ஃபோர்க்லிஃப்ட் இல்லை. மூட்டில் இருந்த உலோகக் காதுகளில் களைப்பு விரிசல் என்று விசாரணையின் முதற்கட்ட அறிக்கை சொன்னது. குடைக் கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் 'டிக்'கென்று ஒடியுமே, அதுதான் களைப்பு.

விமானத்தின் வயசை வருஷத்தில் எண்ண மாட்டார்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு சுற்று. அந்த விமானம் 21 ஆயிரம் சுற்று சொச்சம் முடித்திருந்தது. அந்த மூட்டை நுணுக்கமாகச் சோதிக்க வேண்டியது 28 ஆயிரத்தைத் தாண்டிய பிறகு என்று அட்டவணை. அதாவது, காகிதத்தின்படி இன்னும் ஏழாயிரம் சுற்று பாக்கி. அதே மூட்டின் பேரிங் வளையம் மூன்று விமானங்களில் உடைந்திருப்பதாக 2011-லேயே போயிங் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. 'பறப்பதற்கு ஆபத்தில்லை, வழக்கமான சோதனையில் கண்ணால் பார்த்தால் போதும்' என்கிற பொருளில்!

மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர் கையில் இருப்பது டார்ச்சும் அட்டவணையும். அட்டவணையில் இல்லாத ஒரு திருகை, ராத்திரி ரெண்டு மணிக்கு, 'பெட்டி காத்திருக்கு' என்று மேலாளர் நிற்கும்போது, தன்னிஷ்டத்துக்குக் கழற்றிப் பார்க்க யாரால் முடியும்?

எங்களுக்கு வகுப்பில் தேய்மானம் சொல்லித்தந்தார்கள். சொத்தின் விலையை ஆயுளால் வகு, வருஷா வருஷம் சமமாகக் கழி. நேர்கோட்டு முறை. ரொம்பச் சுலபம். இரும்பு அப்படித் தேய்வதில்லை. இருபதாயிரம் சுற்று வரை அசையாமல் நிற்கும், அப்புறம் திடீரென்று விடும்.

விபத்து நடந்து சில நாட்களில் எம்.டி-11-களைத் தரையிறக்கினார்கள். அண்ணன் டி.சி-10-க்கும் அதே கதிதான். 2026 ஜனவரியில் யு.பி.எஸ். தன்னிடம் இருந்த எம்.டி-11 அத்தனைக்கும் ஓய்வு கொடுத்துவிட்டதாக அறிவித்தது. முப்பது வயது தாண்டிய விமானங்கள்கூட அதில் உண்டு. மதிப்பெல்லாம் எப்போதோ பூஜ்யமாகி இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். இல்லை. கம்பெனி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து அவற்றுக்காகத் தள்ளுபடி செய்த தொகை, வரி போக 13.7 கோடி டாலர்.