சித்திரக்கதையும் திரைப்படமும்

சென்ற பருவத் தேர்வுக்குச் சில நாட்களின் முன், ஒரு மாலைப் பொழுதில், கலாசாலை நூல்நிலையத்தின் தாழ்வாரத்தில் மாணாக்கர் இருவர் உரத்த குரலில் வழக்கிட்டு நிற்கக் கண்டோம். தேர்வுக் காலமாதலின் வழக்குப் பாடத்தைப் பற்றியதாயிருக்கும் என்றெண்ணி, உள்ளம் மகிழ்ந்து அருகே சென்றோம். சென்ற பின்னரே, அது ஸ்பைடர்மேன் என வழங்கும் சிலந்தி வீரனுடைய மணிக்கட்டைப் பற்றியது எனத் தெரிந்தது. அவன் வீசும் வலை அவனுடம்பிலேயே ஊறி வருவதா, அல்லது அவன் தன் அறிவினாற் செய்துகொண்ட கருவியினின்று வருவதா என்பதே வினா. கருவியே என்றவர் சித்திரக்கதையைப் பிரமாணமாகக் கொண்டார். உடம்பே என்றவர் திரைப்படத்தைக் கொண்டார். எம்மைக் கண்டதும் இருவரும், “ஐயா, தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும்” என்றனர். யாம் தேர்வை நினைவூட்டிவிட்டு வந்துவிட்டோம். ஆயினும் அவ்வழக்கு எம்மோடு வீடு வரை வந்தது. அதற்கொரு காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் மாணாக்கரின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். ஸ்டான் லீ கதை வகுக்க, ஸ்டீவ் டிட்கோ படம் வரைய, 1962 ஆகஸ்டு எனத் தேதியிட்ட அமெரிக்க இதழொன்றில், 11 பக்கங்களேயுள்ள ஒரு கதையில், இவ்வீரன் முதன்முதலாகத் தோன்றினான். பீட்டர் பார்க்கர் என்னும் அப்பள்ளி மாணவன் சிலந்தி கடித்ததனால் வலிமை பெற்றானேயன்றி வலை பெற்றானல்லன். வலைப் பசையைத் தானே கூட்டிச் செய்து, மணிக்கட்டிற் கட்டிய சிறு கருவியினால் வீசினான். 2002-ஆம் ஆண்டு சாம் ரெய்மி இயக்கிய படத்திலோ, வலை அவன் மணிக்கட்டினின்றே புறப்பட்டது. பழைய வாசகர் பலர் வெகுண்டனர். அவ்வெகுளிக்கு நியாயம் இல்லாமலில்லை. கருவியைப் பறித்தால் அவ்வேழைச் சிறுவனுடைய அறிவுக்குச் சான்றாக நின்ற பொருளொன்று பறிபோகின்றது; பசை தீர்ந்துபோய் அவன் நடுவானில் தத்தளிக்கும் சுவைமிக்க கட்டங்களும் உடன்போகின்றன. ஆனால் வேடிக்கை யாதெனில், 2004-இல் சித்திரக்கதைதானே படத்தைப் பின்பற்றி அவனுக்கு உடம்பில் ஊறும் வலையை அளித்தது. பின்னர் மீண்டும் கருவிக்கே திரும்பிற்று. மூலமே இங்ஙனம் ஊசலாடுமாயின், மூலத்துக்கு மாறு என்று எதனைச் சொல்வது?

இது சிலந்தி வீரன் ஒருவனுக்கே உரிய இடர்ப்பாடன்று. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்த சூப்பர்மேன், 1938-இல் வெளிவந்தபொழுது பறக்கத் தெரியாதவன்; எட்டில் ஒரு மைல் தொலைவு தாவ வல்லவன், அவ்வளவே. அவன் திரையிற் பறக்கலுற்றது 1941-இல் தொடங்கிய பிளெய்ஷர் கார்ட்டூன் படங்களில். அவன் வலிமையை அழிக்கும் கிரிப்டோனைட் என்னும் கல் 1943-இல் வானொலி நாடகத்திற் பிறந்து, 1949-இலேதான் சித்திரக்கதைக்குள் வந்து சேர்ந்தது. பேட்மேனுடைய பணியாளராகிய ஆல்பிரெட், சித்திரத்திற் பருத்த உடலினராய்த் தோன்றியவர். 1943-ஆம் ஆண்டின் தொடர்படத்தில் அவ்வேடத்தை ஏற்ற நடிகர் மெலிந்தவராயிருந்தமையால், அடுத்த ஆண்டே சித்திரக்காரர் அவரை ஓர் ஆரோக்கிய விடுதிக்கு அனுப்பி இளைக்கச் செய்து மீட்டனர். ஒரு மாமிசபருவதத்தை இளைக்கவைக்கத் திரைப்படத்தினும் சிறந்த மருந்து இல்லை போலும்! ஆகவே, எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பார், எந்த ஆண்டின் மூலத்தோடு என்பதை முதலிற் கூறக் கடமைப்பட்டவராவர்.

நம் இலக்கண நூலார் இவ்வினாவைப் பன்னெடுங் காலத்துக்கு முன்பே வேறொரு வகையில் எதிர்கொண்டனர். முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்த நன்னூலார், வழிநூலாவது முதனூலின் முடிபோடு முழுவதும் ஒத்து, பின்னோன் வேண்டிய வேறுபாடுகளையும் உடையதாய் வரும் என்றார். தொல்காப்பியனாரோ, வழிநூல் செய்தற்குத் தொகுத்தல், விரித்தல் முதலிய நால்வகை நெறி வகுத்தார். 11 பக்கக் கதையை இரண்டு மணி நேரப் படமாக்குவது விரித்தல். பல்லாண்டுக் கதைகளை ஒரு படத்துள் அடக்குவது தொகுத்தல். இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கினான் என்னும் வான்மீகத்தைக் கம்பர் மாற்றி, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் சென்றான் எனப் பாடியதை எவரும் பிழையென்றிலர். வேறுபாடு கூறும் உரிமை பின்னோனுக்கு உண்டென்பது தெளிவு. ‘முடிபு’ என்பது யாது என்பதே எமது ஐயம். கதையின் முடிவா, உருவா, நடையா, அவற்றினும் ஆழ்ந்த வேறொன்றா?

உருவே என்பார்க்கு ஒரு படத்தைக் காட்டுவோம். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 1986, 1987-ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வெளிவந்தது. ஸாக் ஸ்னைடர் 2009-இல் அதனைப் படமாக்கியபொழுது, சித்திரக் கட்டங்களையே வரைபடமாகக் கொண்டு, நிற்கும் நிலை, விழும் நிழல், சுவரின் கறை வரை பல இடங்களிற் பெயர்த்து வைத்தார். நூலின் இறுதியில் வரும் விந்தைப் பிராணியை மட்டும் நீக்கிவிட்டு, வேறொரு சூழ்ச்சியை அமைத்தார். வாசகரிற் பலர் அப்பிராணிக்காக வருந்தினர். எமக்கு அதில் வருத்தமில்லை. எம்மை வருத்தியது, மாற்றாமல் வைத்ததாக எல்லோரும் போற்றிய பகுதியே. சித்திரத்தில், முகமூடி பூண்டு அறம் காக்கப் புறப்பட்டோர் தொந்தி சரிந்தவராய், அச்சமும் அவமானமும் உடையவராய், இரங்கத்தக்கவராய்க் காணப்படுவர். படத்தில் அவரே எலும்பை முறிக்குங்கால், காட்சி மெல்ல நகர்ந்து, அம்முறிவை ஒரு நடனம் போல் எம் கண்ணுக்கு விருந்தாக்குகின்றது. கட்டம் அதுவே, கருத்துத் தலைகீழ்.

அன்றியும் நூலுக்குரிய ஒரு காலக் கணக்கு உண்டு. ஐந்தாம் இதழில், முதற் பக்கத்தின் அமைப்புக் கடைசிப் பக்கத்தின் அமைப்போடும், இரண்டாம் பக்கத்தினது ஈற்றயற் பக்கத்தினதோடும் ஒத்து, நடுப்பக்கங்களிற் கண்ணாடிபோல் வந்து கூடும். படிப்போன் விரலை ஒரு பக்கத்திலிட்டு மற்றொன்றைத் திருப்பிப் பார்க்கலாம். கொட்டகையில் இருப்போனுக்கு அவ்வுரிமை ஏது? தன் பெயரையே அப்படத்தில் இடவேண்டாவென மறுத்த மூரின் பிடிவாதத்தை யாம் முற்றும் ஒப்புக்கொள்ளாவிடினும், அவர் எதனை இழந்ததாக எண்ணியிருக்கக்கூடும் என்பது விளங்குகின்றது.

இனி, எம்மோடு வீடு வரை வந்த காரணத்தைக் கூறுவோம்.

யாம் வேறோர் ஊரில் விடுதியிலிருந்து பயின்ற காலம். 2001-ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. ஒரு நண்பகலில், அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பாயிற் படுத்து ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தோம். எதிர் அறையிலிருந்து முன்பின் அறியாத ஒருவன் தோளில் ஒரு பையுடன் வெளிப்பட்டான். எம்மை ஒருமுறை பார்த்தான், படியிறங்கிப் போனான். அவ்வறை முதலாண்டு மாணவர் ஒருவருடையது. அவர் அப்பொழுது வகுப்பிலிருந்தார். வந்தவன் அவர்க்கு உற்றவனல்லன் என்பதை யாம் உணராமலில்லை. எழுந்து ஒரு சொற் கேட்டிருக்கலாம். எழவில்லை. வெயிலாயிருந்தது, நாவல் சுவையாயிருந்தது, எதிர் அறைக்குக் காவல் யாமா என்று தோன்றிற்று. வேறு காரணம் எதுவும் இருந்ததில்லை. அம்மாணவரோடு எமக்குப் பகையும் இல்லை. விடுதியாரோடு மனத்தாங்கலும் இல்லை.

மாலையில் அவர் வந்து, “அண்ணா, மத்தியானம் இந்தப் பக்கம் யாரேனும் வந்தார்களா?” என்றார். தேர்வுக் கட்டணமும், அவர் தந்தையார் அணிந்திருந்து கொடுத்த கைக்கடிகாரமும் காணப்படவில்லை. “தூங்கிவிட்டேன், தம்பி” என்றோம். மாணவர் அனைவரும் கூடிக் கட்டணத்தைத் திரட்டினர். எல்லோரினும் மிகுதியாக யாமே கொடுத்தோம். அதற்காக அவர் எம் கையைப் பற்றிக்கொண்டு கண் கலங்கினார். கடிகாரம் கிடைக்கவேயில்லை.

அடுத்த கோடையில் ரெய்மியின் படம் வந்தது. அதில் பீட்டர், மல்யுத்தம் ஒன்றில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3000 டாலர் என்னும் விளம்பரத்தை நம்பிச் செல்கின்றான். எதிரியை இரண்டு நிமிடத்தில் வீழ்த்திவிட்டமையால், பந்தயத்தார் 100 டாலரே கொடுத்து ஏய்க்கின்றார். அந்நொடியில் ஒரு கள்வன் அவருடைய பணத்தைக் கவர்ந்துகொண்டு ஓடிவர, பீட்டர் விலகி வழிவிடுகின்றான். அக்கள்வனைக் கண்டபொழுது கொட்டகையின் இருளில் எமக்கு உடல் வியர்த்தது. ஆயினும் உள்ளத்தில் ஓர் ஆறுதலும் பிறந்தது. ஏய்த்தவனுக்கு இழப்பு நேர்ந்தால் என்ன என்று கொட்டகையே அவன் பக்கம் நின்று நகைத்ததன்றோ? யாமும் நகைத்தோம்.

சில ஆண்டுகள் கழிந்து, 1962-ஆம் ஆண்டுக் கதையின் மறுபதிப்பொன்று எமக்குக் கிடைத்தது. அதில் ஏய்ப்பு இல்லை. மல்யுத்தத்திற்குரிய 100 டாலரை அவன் முறையாகப் பெற்றுக்கொள்கின்றான். பின்னர்த் தொலைக்காட்சியிற் பேரும் புகழும் அடைகின்றான். அவ்வாறிருக்கையில், நிலையத்தின் நடைவழியில் ஒரு கள்வன் ஓடி வருகின்றான்; பின்னே காவலர் கூவுகின்றார். பீட்டர் வாளா நிற்கின்றான். தன்னைத் தவிர எவரையும் இனிப் பேணுவதில்லை என்பது அவன் கூறும் விடை. பள்ளித் தோழர் இகழ்ந்த கசப்பு அவன் நெஞ்சில் இருந்தது உண்மையே. ஆனால் அக்காவலரோ, பொருளிழந்தவரோ அவனுக்கு ஒரு தீங்கும் இழைத்தவரல்லர். சின்னாட்களில் அவனை வளர்த்த பெரியப்பா ஒரு கள்வனாற் சுட்டுக் கொல்லப்படுகின்றார். பிடித்துப் பார்த்தால் அவனே இவன். ஆற்றலுடையார்க்கு அதற்கேற்ற கடனும் உண்டென்னும் பேர்பெற்ற கருத்து, அக்கதையில் பெரியப்பாவின் வாய்மொழியன்று. கடைசிக் கட்டத்தில், தலை கவிழ்ந்து நடக்கும் சிறுவனின் பக்கலில் கதை சொல்வோன் இட்ட வரி. எவரும் அவனுக்கு முன்னதாகச் சொல்லி வைக்கவில்லை.

வலைக்காக அத்துணை வழக்கிட்ட உலகம், இந்நடைவழி மாறியதற்கு அதில் ஒரு பங்குகூட வழக்கிட்டதாக எமக்குத் தெரியவில்லை. மாற்றிய பின்னும் படம் நல்ல படமே; யாம் அதனைப் பலமுறை பார்த்துள்ளோம். ஆனால் ஒருமுறை இளகிய முடிச்சு மேன்மேலும் இளகிற்று. 2007-இல் வந்த மூன்றாம் படம், சுட்டவன் அக்கள்வனல்லன், வேறொருவன், அதுவும் கைதவறி நேர்ந்தது என்றது. 2012-இல் வேறோர் இயக்குநர் புதிதாக எடுத்த படத்தில், கடைக்காரன் இரண்டு சென்ட் காசுக்காகப் பீட்டரைச் சிறுமைப்படுத்துகின்றான். அக்கடையிற் களவாடியவனை இவன் போகவிடுகின்றான். மீண்டும் ஒரு மனத்தாங்கல். மீண்டும் ஒரு சாக்கு. நாயகன்மேல் நாம் அருவருப்புக் கொண்டுவிடுவோமோ என்னும் அச்சமே இவற்றுக்குக் காரணம் போலும். யாதொரு சாக்குமின்றி அவன் நின்றான் என்பதே கதையின் முடிபு என்று யாம் கொள்கின்றோம். அதனைக் குறைத்துவிட்டு, உடையின் நிறத்தையும் கண்ணாடியின் வடிவையும் காத்துப் பயனென்னை?

சூப்பர்மேனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2013-இல் ஸ்னைடர் எடுத்த படத்தில் அவன் ஸாட் என்னும் பகைவனைக் கழுத்தை முறித்துக் கொன்றபொழுது, சூப்பர்மேன் கொல்லான் என்று பலர் கொதித்தனர். கொன்றிருக்கின்றான். 1988-இல் ஜான் பைர்ன் எழுதிய கதையில், அவன் கொடியோர் மூவரைக் கிரிப்டோனைட்டினாற் கொன்றான். ஆகவே படத்தார்க்கு ஏட்டுச் சான்று உண்டு. ஆனால் ஏட்டில் அக்கொலை அவன் மனத்தை அரித்து, இறுதியில் அவன் இவ்வுலகையே துறந்து விண்ணில் அலையும்படி செய்தது. படத்திலோ ஓர் அலறல். சிறிது பொழுதில் நகையாடும் காட்சி வந்துவிடுகின்றது. செயலைக் கடன்வாங்கி, அதன் வட்டியை விட்டுவிட்டனர்.

இதற்கு மாறாக, 2018-இல் வந்த ‘ஸ்பைடர்வெர்ஸ்’ என்னும் கார்ட்டூன் படத்தில் மாறாத பொருளே அரிது. வீரன் பீட்டரல்லன், 2011-இற் சித்திரக்கதையிற் படைக்கப்பட்ட மைல்ஸ் மொராலெஸ் என்னும் வேறொரு சிறுவன். ஆனால் பீட்டர் கொல்லப்படுங்கால் மைல்ஸ் மறைவில் ஒடுங்கி நின்று பார்க்கின்றான். அவனுக்கு எவர்மீதும் மனத்தாங்கலில்லை, வெறும் அச்சமே. அதன்பின் அவன் செய்வன யாவும் அம்மறைவிலிருந்தே புறப்படுகின்றன. இதனை எடுத்தோர் பழங்கதையைச் சரியாகப் படித்தவர் என்று யாம் கொட்டகையிலேயே சொல்லிக்கொண்டோம்.

தேர்வு முடிந்தபின், அம்மாணாக்கர் இருவரையும் அழைத்து எமது மறுபதிப்பைக் கொடுத்தனுப்பினோம். மறுநாளே கருவிக் கட்சியார் அதனைத் திருப்பிக் கொணர்ந்தார். கருவிதான் வென்றது என்று அவர்க்குப் பெருமகிழ்ச்சி. போகுமுன், “ஐயா, புத்தகம் முழுவதிலும் ஒரே இடத்தில், அந்த நடைவழிக் கட்டத்தின் அடியில் மட்டும் பென்சிற் கோடு இருக்கின்றதே?” என்றார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முன்னர் வைத்திருந்தவர் எவரோ இட்டிருப்பார் என்றோம். அவரும் நம்பிப் போயினார். கோடு இட்டது யாமே.