மீனுக்கும் மூக்கு உண்டு

கூரியரில் வந்த சின்னப் பெட்டிக்குள் ஒரு கறுப்பு வண்டு. ஸ்பாஞ்சும் மயிலிறகும் சேர்த்துக் கட்டிய தூண்டில் வண்டு. கூடவே, பூண்டு வாசனை அடிக்கும் ஒரு குப்பி. மொபைலில் வீடியோ பார்த்து ஆர்டர் போட்டிருந்தான் சடையங்குப்பத்துப் பேரன்.

“இது இன்னா மீனுக்குடா?”

“ட்ரவுட்டு தாத்தா. ஊட்டில கீது.”

பையன் சொன்னது சரிதான். 1907-ல் வில்சன் என்ற ஆங்கிலேயர் நீலகிரியின் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த மீன் அது. குளிர்ந்த, தெளிந்த ஓடையில் வாழும். தண்ணீரில் விழும் வண்டையும் பூச்சியையும் கண்ணால் பார்த்துப் பாய்ந்து கவ்வும். அதனால்தான் இறகு வண்டிடம் ஏமாறுகிறது.

கொசஸ்தலையாற்றின் கழிமுகம் அப்படியல்ல. ஓதம் ஏறி இறங்கும் கலங்கல் தண்ணீர். இங்கே பல மீன்களுக்குக் கண்ணைவிட மூக்குதான் துணை. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலிலும் ருசி தெரியும். இறாலிலிருந்து கசியும் அமினோ அமிலங்கள் தண்ணீரில் பரவ, அந்தத் தடத்தைப் பிடித்தே வந்துவிடும்.

தாத்தாவுக்கு அமினோ அமிலம் தெரியாது; ஆறு தெரியும். மடவைக்கு மைதா உருண்டை, கெளுத்திக்கு உரித்த இறால், கொடுவாவுக்குத் துடிக்கிற உயிர் இறால்.

“ஓட்டத்துக்கு மேல நின்னு போடணும். வாசம் கீழ போவும், மீனு தானா மேல வரும்.”

தூண்டிலைத் தொடும் முன் ஆற்றுச் சேற்றால் கையைத் தேய்த்துக் கழுவுவார். பீடி, சோப்பு, பெட்ரோல் வாசனை ஒட்டியிருந்தால் மீன் கிட்டே வராது என்பது அவர் கட்சி.

அந்த ஆறே ஒருமுறை எண்ணெய்க் கையானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலி பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்குள் இறங்கியது. படகும் வலையும் கறுத்தன. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பு நின்றது. மீனவர்களே மக்கில் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு தாத்தா கொண்டுவந்த முதல் மீனின் செவுளைத் திறந்து முகர்ந்தார் பாட்டி. ஒன்றும் பேசாமல் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் அடுப்புக்குப் போவது பாட்டியின் மூக்கைத் தாண்டித்தான்.

போன ஞாயிறு பேரனின் வண்டை ஒரு மீனும் சீண்டவில்லை. குப்பியின் பூண்டு வாசமும் எடுபடவில்லை. தாத்தா கொடுத்த உயிர் இறாலைக் கோத்துப் போட்டான். முழங்கை நீளக் கொடுவா ஒன்று மாட்டியது. ஓடிவந்து பாட்டியிடம் நீட்டினான்.

பாட்டி முகர்ந்தார். “எண்ணெ நாத்தம் இல்ல.”

“அப்போ கொழம்பு வெக்கலாமா ஆயா?”

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. ஆற்றங்கரைக்கு அப்பால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் நின்றன. அந்தச் சாம்பலில் உள்ள உலோகங்களுக்கு வாசனை கிடையாது.

“நாத்தம் அடிச்சா தூக்கிப் போட்டுடலாம்டா. வாசமே இல்லாம வர்றத எந்த மூக்கு கண்டுபுடிக்கும்?”

சொல்லிவிட்டு, அரிவாள்மனையை எடுத்து உட்கார்ந்தார்.